மணிக்கட்டுக்கு இரண்டு விரல் மேலே

கீல் காய்ச்சும் வாடை வந்தால் இருந்த இடத்தை விட்டு எழுந்துவிடுவேன். ஒல்லாந்தர் தங்கள் சிறு கப்பல்களை முகத்துவார மணலில் சாய்த்துப் போட்டு, அடிவயிற்றைச் சுரண்டி, அண்டாவில் கறுப்பாகக் கொதிக்கிற கீலை வழித்துப் பூசுவார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் நிற்கும். கப்பல்காரர்களுக்கு அது கப்பல் வாடை. எனக்கு அது கருகின சதை. காற்று திரும்பி அந்தப் புகை எங்கள் கோட்டைக்குப்பத்துக்குள் வந்தால், பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு நடப்பேன். ஏரிக்கரையோரம், கால் வலிக்கிற வரை.

ஒருவனுடைய வலது கை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதை நொறுக்கியவன் நான். அதை வெட்டச் சொன்னவனும் நான். இரண்டுக்கும் நடுவில் நான்கு நாள். முதலாவதை முறைப்படி செய்தேன் என்று ஊர் சொன்னது. இரண்டாவதைச் சரியாகச் செய்தேன் என்று கோட்டை வைத்தியர் சொன்னார். இரண்டு தடவையும் சரி என்று சொல்லப்பட்டவன் ஏன் சோற்றை வைத்துவிட்டு ஓடுகிறான் என்பதை எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முறை என்றால் எங்களுக்குப் பாடு. மழை ஓய்ந்து முகத்துவாரம் திறந்ததும் ஏரி கடலுக்குள் பாயும். தண்ணீர் இறங்கும்போது அதோடு இறாலும் இறங்கும். இறங்குகிற வழி குறுகல். அங்கே கழி நட்டு, ஓட்டத்துக்கு எதிராக வலையின் வாயைத் திறந்து வைத்தால் மடி தானாக நிரம்பும். இடம் கொஞ்சம், தோணி நிறைய. என் நைனா காலத்தில் முதலில் கழி நட்டவனுக்கு இடம். நட்டவன் மண்டையைப் பிளந்தவனுக்கு அதைவிட முதலிடம். தண்ணீர் வற்றுகிற ஒவ்வொரு வேளையும் அங்கே யாராவது ஒருவன் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு கரையேறுவான். நைனாவுக்கு இடது காது கிடையாது. அதை ஒருவன் வாயில் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்வார். அந்த ஒருவனுக்கு மூக்குத்தண்டு கிடையாது. பின்னாளில் இரண்டு பேரும் சம்பந்திகள். காதைக் கடித்தவரின் மகள்தான் என் மனைவி. அவள் தம்பிதான் என் தோணியில் முன்னால் கோல் போடுகிறவன்.

பிறகு சீட்டு வந்தது. ஓலை நறுக்கில் தோணிக்காரன் ஒவ்வொருவனும் தன் குறியைக் கீறி, கோயில் வாசலில் வைத்த குடத்தில் போடுவான். குலுக்கி எடுக்கிற வரிசையில் நாள் வரும். இன்றைக்கு எனக்கென்றால் முகத்துவாரம் முழுக்க எனக்கு. நாளைக்கு இன்னொருவனுக்கு. அந்த நாள்தான் பாடு. சீட்டு வந்த பிறகு எங்கள் குப்பத்தில் யாருக்கும் காது போகவில்லை. ஒரு வழியைவிட இன்னொரு வழி மேல் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? பிள்ளைகளின் முழுசான காதுகளைப் பார்த்தால் போதாதா? நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குடத்துக்குள் யாருடைய ஓலை போகவே இல்லை என்று நான் யோசித்தது கிடையாது.

தோணிரேவு என்கிற குடியிருப்புப் பக்கத்தில் கையால் இறால் பிடிக்கிறவர்கள் இருந்தார்கள். வலை கிடையாது. ஆணும் பெண்ணும் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக, தோளோடு தோள் இடிக்காத தூரத்தில், ஏரிக்குள் குந்தியபடியே நகர்வார்கள். கழுத்து வரை தண்ணீர். இரண்டு கையும் சேற்றில் தடவும். ஒரு கை வழியை மறிக்கும், மறு கை அமுக்கும். பிடித்த இறால் பனை ஓலையில் முடைந்த பறிக்குள் போகும். பறி தொங்குவது வாயில். அதன் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டுதான் காலை முழுக்க நகர்வார்கள். கை இரண்டும் வேலையில் இருக்கும்போது வேறு எதில் மாட்டுவது? அதனால் அவர்கள் ஏரிக்குள் பேச மாட்டார்கள். கெளுத்தி முள் குத்தினாலும் கத்த மாட்டார்கள். வாயைத் திறந்தால் அன்றைய உழைப்பு தண்ணீரோடு போய்விடும். இது ஏரியில் பிறந்த நாய்க்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். தெரிந்துதான் அடித்தேனா, மறந்து அடித்தேனா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

கார்த்திகை மாதம். இருபத்திரண்டு நாள் காத்திருந்து வந்த என் பாடு. வாடைக் காற்று முதுகுத்தோலை உரித்தது. முகத்துவாரத்தில் ஏரியும் கடலும் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்தன. நட்ட கழிகள் நடுங்கின. வலைக்கு முன்னால் தண்ணீர் ஊசி ஊசியாகத் துள்ளியது: இறால், மடிக்குள் போகலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கிற இறால். அந்த நேரம் யாராவது சேற்றை மிதித்தால் கூட்டம் கலைந்து பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் வலை கிடக்கிற இடத்துக்கு ஐம்பது பாகத் தூரத்துக்குள் காலால் யாரும் இறங்கக்கூடாது என்பது பாடு முறையின் கட்டு.

அவன் தோணிரேவுக்காரர்களின் வரிசையை விட்டுப் பிரிந்து தனியாக வந்தான். தலை மட்டும் தெரிந்தது, வாயில் பறியோடு. நேராக என் கழியைப் பார்த்து.

டேய், வலை கிடக்கிறது தெரியவில்லையா, வெளியே போ என்று கத்தினேன். அவன் என்னைப் பார்த்தான். பதில் இல்லை. இன்னும் இரண்டடி நெருங்கினான். மறுபடி கத்தினேன். அவன் நைனாவையும் ஆத்தாவையும் இழுத்துக் கத்தினேன். அப்போதும் பதில் இல்லை.

முன்னால் நின்ற மச்சான் திரும்பாமலே சொன்னான்: "பாரு மாமா, உன்னையே பாத்துக்கினு வரான். நாய் கொலைச்சாகூட ஒருத்தன் திரும்பி இன்னான்னு கேப்பான். உனக்கு அந்த மரியாதைகூட இல்ல."

அவன் தண்ணீரிலிருந்து வலது கையை எடுத்தான். சேறு வழிகிற கை. என் தோணியின் விளிம்பில் வைத்தான், தன் வீட்டு வாசலைப் பிடிப்பது மாதிரி.

தோணி தள்ளுகிற கோலின் அடியில் இரும்புப் பூண் உண்டு. அதைத் தலைக்கு மேலே தூக்கி, இரண்டு கையாலும் இறக்கினேன்.

சத்தம் எலும்பு முறிகிற சத்தமாக இல்லை. ஈர மூங்கிலை மிதித்தது மாதிரி இருந்தது. அவன் முகம் சுருங்கியது. பற்கள் கயிற்றை இன்னும் இறுக்கின. கத்தவில்லை. அதுதான் என்னை இரண்டாவது முறை அடிக்க வைத்தது. இரண்டாவது அடிக்குத்தான் வாய் திறந்தது. பறி கவிழ்ந்தது. காலையிலிருந்து பிடித்த இறால் அத்தனையும் துள்ளித் தெறித்து, ரத்தம் கலந்த தண்ணீரில் என் வலைக்குள்ளேயே போயிற்று. அன்றைக்கு நிரம்பிய மடியை மச்சானால் தனியாகத் தூக்க முடியவில்லை.

மறுநாள் எங்கள் கோயில் வாசலில் பஞ்சாயத்து. தோணிரேவுக்காரர்கள் வெளியே மண்ணில் உட்கார்ந்தார்கள். அவன் கையை மூங்கில் பத்தை வைத்து இலையால் கட்டியிருந்தாள் அவன் மனைவி. ஏன் போனாய் என்று கேட்டார்கள். அவன் பொய் சொல்லியிருக்கலாம். வரிசை தவறிவிட்டேன் என்றோ, வலை தெரியவில்லை என்றோ. சொல்லவில்லை. வலைக்கு முன்னால் இறால் கூட்டமாக நிற்கும், அதற்குத்தான் போனேன் என்றான். பிறகு தோணியை ஏன் பிடித்தாய்? கழியடியில் ஓட்டம் பள்ளம் பறித்திருந்தது, கால் அதற்குள் போய்விட்டது, மூழ்கப் பார்த்தேன், கிட்டத்தில் இருந்ததைப் பிடித்தேன்.

இவ்வளவுதான். பாடு உன்னுடையது, அவன் வந்தது தப்பு, உன் மேல் குற்றமில்லை என்று தீர்த்தார்கள். என் முதுகில் தட்டினார்கள். முறை தன் வேலையைச் செய்துவிட்டது. அவன் கை மட்டும் அந்த முறைக்கு வெளியே, இலைக்குள், வீங்கிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் நான் தோணிரேவுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. அந்த அளவுக்கு நல்லவனாக நான் அப்போது இல்லை. பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். குடிசைக்குப் பத்தடி முன்னாலேயே வாடை அடித்தது. அவன் மனைவி சுடுமணலைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். விரல்கள் கறுத்து, உப்பி, கத்தரிக்காய் போலப் பளபளத்தன. மணிக்கட்டு வரைக்கும் சிவப்புக் கோடு ஏறியிருந்தது. அவன் உடம்பு அனலாக இருந்தது. கண் மட்டும் தெளிவு.

கோட்டை வைத்தியரிடம் போகலாம் என்றேன். அங்கே போனால் வெட்டுவார்கள் என்றாள் அவள். அவள் சொன்னது சரி. கப்பலில் கை கால் நசுங்கினவர்கள் அந்த வைத்தியசாலையிலிருந்து குறைந்துதான் வெளியே வருவார்கள். ஆனால் வருவார்கள்.

பாக்க மட்டும்தான், என்றேன். பார்த்துவிட்டு என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு வந்துவிடலாம். என் தலையில் கை வைத்துச் சொன்னேன். அவர்கள் என் தோணியில் ஏறினார்கள்.

வைத்தியர் நல்ல உயரமான வெள்ளைக்காரர். முன்னால் தோல் மறைப்பு கட்டியிருந்தார். சட்டைக் கை மடிப்பில் பழைய கறைகள். முரட்டு ஆள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் அந்தக் கையைத் தூக்கியது குஞ்சுப் பறவையைத் தூக்குவது மாதிரி இருந்தது. முகர்ந்தார். சிவப்புக் கோட்டை விரலால் தொடர்ந்தார். கரித்துண்டை எடுத்து மணிக்கட்டுக்கு இரண்டு விரல் மேலே சுற்றி ஒரு கோடு போட்டார். பிறகு சுருக்கமாக ஏதோ சொன்னார்.

துபாசி எங்கள் பக்கத்து ஆள்தான். வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுச் சொன்னான்: "இன்னிக்கி வெட்டினா இந்தக் கோடு. நாளைக்கி வெட்டினா முழங்கைக்கு மேல. நாளன்னிக்கி கைய வெட்ட வேணாம், குழி வெட்டினா போதும்னு சொல்றாரு."

"கட்டு போட்டா ஆறும்," என்றாள் அவன் மனைவி. "எங்க தெருவுல ஒருத்தருக்குக் கால் இதவிடக் கறுத்துச்சு. இதே ஒத்தடம், இதே எல. இன்னிக்கி நடக்கறாரு. போய்ப் பாக்கச் சொல்லு உங்க தொரைய."

துபாசி அதை மொழிபெயர்த்தானா, சுருக்கினானா, எனக்குத் தெரியாது. வைத்தியர் தோளைக் குலுக்கினார். ரம்பத்தைத் துடைத்தார்.

"கையில்லாம இவன் ஏரியில இன்னா பண்ணுவான்?" அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். "கரையில குந்திக்கினு காக்கா ஓட்டுவானா?"

அவன் பலகையில் கிடந்தான். அதுவரைக்கும் என்னை 'நீங்க' என்று பேசினவன். பாடு உள்ளவன், தோணிக்காரன் என்று மரியாதை வைத்தவன்.

"தொடாத," என்றான். "நீ பாக்கத்தான்னு சொன்ன. செத்தா செத்துட்டுப் போறேன், முழுசா."

வைத்தியர் துபாசியைக் கேட்டார். துபாசி என்னைக் கேட்டான். ஏன் என்னை? நான்தான் கூட்டி வந்தேன். நான்தான் இடுப்பில் சுற்றிய துணி போக, தோளிலும் ஒரு துணி போட்டிருந்தேன். அந்த அறையில் சொன்னால் எடுபடக்கூடியவன் நான் ஒருத்தன்தான் என்று அவன் கண்ணுக்குப் பட்டிருக்கிறது. முகத்துவாரம் முழுக்க எனக்கு என்றிருந்த அன்றைய காலை மாதிரியே, இந்த அறையும் எனக்கு என்றாகிவிட்டது.

அவன் சாகக்கூடாது என்று நினைத்தேன். அவனுக்காக நினைத்தேனா? சொல்கிறேன், மறைக்காமல். செத்தால் நான் கொலைகாரன். கை போனால் கையை உடைத்தவன். இரண்டில் எது சுமக்க லேசு என்று என் மனம் நிறுத்துப் பார்த்தது. அவன் கையை வைத்து நிறுத்தது.

"வெட்டச் சொல்லு," என்றேன்.

பிறகு நடந்தது முழுக்க உடம்புதான். வாயில் சாராயம் ஊற்றினார்கள், துப்பினான். கையின் மேலே வாரால் இறுக்கினார்கள். காலை இரண்டு சிப்பாய்கள் அழுத்தினார்கள். மார்பில் அழுத்த ஆள் போதவில்லை. நான் ஏறி முழங்காலை வைத்தேன். என் முகத்துக்கு நேர் கீழே அவன் முகம். ஏரியில் பறிக் கயிற்றைக் கடித்துக்கொண்டு கத்தாமல் இருந்தவன் இங்கே கத்தினான். சொல் எதுவும் இல்லை. ஒரே நீளமான சத்தம், ரம்பம் மேலே போனால் மேலே, கீழே வந்தால் கீழே. ரம்பம் எலும்பைத் தாண்டி மறுபக்கத்துச் சதைக்குள் இறங்கியபோது சத்தம் மாறியது. அவன் மனைவி தன்னைப் பிடித்திருந்த துபாசியை உதறிக்கொண்டு வந்து என் முன்கையைக் கடித்தாள். விடவில்லை. தோல் கிழிந்தது, சதை கிழிந்தது. நான் முழங்காலை எடுக்கவில்லை. அவள் பல் என் கையில், என் முழங்கால் அவன் நெஞ்சில், ரம்பம் அவன் சதையில். மூன்று பேரும் ஒரே விலங்காகக் கிடந்தோம்.

கடைசியில் கீல். இரும்புக் கரண்டியில் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து, வெட்டின வாயை அதில் அழுத்தினார்கள். ரத்தம் நின்றது. சத்தமும் நின்றது. வாடை மட்டும் நிற்கவில்லை.

அவன் பிழைத்தான். ஒன்பதாம் நாள் எழுந்து உட்கார்ந்தான். இருபதாம் நாள் நடந்தான். வைத்தியர் துபாசி வழியாக, நீ கொண்டுவந்தது நல்லதாயிற்று, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் போயிருப்பான் என்று சொன்னார். நான் அதை ஊரெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன். ஒரு மாதம் அதைச் சொல்லியே நிம்மதியாக உண்டேன், உறங்கினேன்.

அவர்கள் வீட்டு வாசலில் மீன் கொண்டுபோய் வைத்தேன். அவள் எடுத்துப் போய், நான் பார்க்கும்படி, நாய்களுக்குப் போட்டாள். மறுநாள் நல்ல மடவையாகப் பார்த்து வைத்தேன். நாய்களும் நல்ல மடவை தின்றன.

அப்புறம்தான் அவள் சொன்ன அந்தக் கால்காரரைத் தேடிப் போனேன். போயிருக்கக்கூடாது. தோணிரேவின் கடைசிக் குடிசை. அவரை வெளியே வரச் சொல்ல என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் வாசலில் நின்றேன். அவரே வந்தார். நடந்து வந்தார். அந்தப் பாதம் சுக்குப் போலச் சுருங்கி, இரண்டு விரல் உதிர்ந்து, வெளிறிக் கிடந்தது. ஆனால் அதை ஊன்றித்தான் வந்தார். சேற்றில் அது பிடிமானம் கொடுக்கிறதா என்று கேட்டேன். எதுக்குக் கேக்கற, வாங்கிக்கப் போறியா என்றார். ஊர் சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன்.

அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. ஒத்தடமும் இலையும் ஒருவரைக் காப்பாற்றியிருக்கின்றன. அதே ஒத்தடத்திலும் இலையிலும் எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. செத்தவர்கள் வாசலுக்கு நடந்து வருவதில்லை. ரம்பம் காப்பாற்றினவர்கள் என் கண் முன்னால் இருக்கிறார்கள். ரம்பம் தேவையில்லாமலே வெட்டினவர்கள் எத்தனை பேர் என்று ரம்பத்துக்கும் தெரியாது. ஒரு வழியை நடந்து பார்க்கலாம். இன்னொரு வழியை அதே காலால் நடந்து பார்க்க முடியாது. பிறகு எதை வைத்து இது மேல் அது கீழ் என்கிறோம்? சீட்டுக் குடத்தை மேல் என்றேன், என் பிள்ளையின் காதைப் பார்த்து. கோட்டை வைத்தியம் மேல் என்றேன், அவன் மூச்சைப் பார்த்து. இரண்டையும் அளந்த கோல் என் கையில் இருந்தது. பூண் போட்ட அதே கோல்.

தை மாதம் அவன் ஏரியில் இறங்கினான். நான் தோணியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். பறி வாயில். இடது கை சேற்றில். மறிக்க ஒரு கை, அமுக்க ஒரு கை வேண்டும். அவனிடம் இருந்தது ஒன்று. மொட்டைக் கையை மறிக்க வைத்தான். உப்புத் தண்ணீர் அந்தப் புண்ணில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். இறால் மொட்டையைத் தொட்டதும் பின்னோக்கித் துள்ளி ஓடியது. விரல்கள் அடைக்கும் இடுக்குகளை மொட்டை அடைப்பதில்லை. மற்றவர்கள் நான்கு அடி போவதற்குள் அவன் ஒரு அடி போனான். வரிசை வளைந்தது. அவன் பக்கத்தில் விழுந்த ஓட்டை வழியாகக் கூட்டம் கூட்டமாக இறால் தப்பியது. வரிசைக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் வாயில்தான் பறி இருக்கிறதே. நான்கைந்து நாள் அவனுக்காக மெதுவாகப் போனார்கள். ஆறாம் நாள் காலை அவன் இறங்கும்போது, அவன் இடத்தை அடைத்துக்கொண்டு வரிசை நெருங்கி நின்றது. யாரும் அவனைத் திட்டவில்லை, தள்ளவில்லை. இடம் இல்லை, அவ்வளவுதான். அவர்கள் முறையும் நல்ல முறைதான். பன்னிரண்டு வீட்டுக்குச் சோறு போடுகிற முறை.

அவன் மார்பளவுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கரையேறினான்.

அடுத்த சீட்டுக்குப் பஞ்சாயத்து கூடியபோது நான் எழுந்தேன். தோணிரேவுக்காரர்களுக்கென்று குடத்தில் ஒரு ஓலை போட வேண்டும் என்றேன். ஒரு நாள் பாடு. வலை நான் தருகிறேன், தோணி நான் தருகிறேன், கழி நடவும் நானே வருகிறேன். மச்சான் சாவகாசமாகச் சொன்னான்:

"ஒரு கைய வெட்டிட்டு ஒரு பாடு குடுக்கறான் எங்க மாமன். இன்னொரு கையையும் வெட்டினா குப்பத்தையே எழுதிக் குடுத்துருவான். உஷாரா இருங்க."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. நான் பாய்ந்தேன். சிரிப்பு நிற்பதற்குள் அவன் கழுத்து என் இரண்டு கைக்குள் இருந்தது. அவன் தலையால் என் வாயில் முட்டினான். பல் ஒன்று தொண்டைக்குள் போயிற்று. கோயில் வாசல் மண்ணில் புரண்டோம். அவன் அப்பனும் என் நைனாவும் ஒரு காலத்தில் புரண்ட மாதிரியே. குடம் உருண்டது, ஓலைகள் சிதறின. பிரித்து எடுக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. சிதறிய ஓலைகளைப் பொறுக்கி, எண்ணிப் பார்த்து, மறுபடி குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். என் பேச்சை யாரும் மறுக்கக்கூட இல்லை. அந்தச் சுற்றில் என் பாடு மூன்றாம் நாளே விழுந்தது. நான் போகவில்லை. வேறு எவனோ வலை வைத்தான்.

மாசியில் அவர்கள் கிளம்பினார்கள். அவளுடைய பிறந்த ஊர் ஏரியின் வடகரையில், தெலுங்கு பேசுகிற பக்கம். அண்ணன்மார் உப்பு வாருகிறவர்கள். உப்பை வாரிக் குவிக்க ஒரு கையும் மொட்டைக் கையின் இடுக்கும் போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரிடமோ ஒரு சிறு தோணி கடன் வாங்கியிருந்தார்கள். இரண்டு பானை, பாய், ஒரு மூட்டை. கோழி ஒன்று கால் கட்டிக் கிடந்தது.

நான் போனபோது தண்ணீர் இறங்க ஆரம்பித்திருந்தது. அவள் முன்னால், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் பின்னால் நின்று, கோலை இடது கையால் பிடித்து, வலது கக்கத்தில் இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். கோல் நழுவியது. மறுபடி இடுக்கினான். தோணி அசையவில்லை. நான் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்ல வந்தேன் என்பதைக் குப்பத்திலிருந்து வருகிற வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்தேன். என் முன்கையில் அவள் பல் பதிந்த தழும்பு வெயிலில் பளபளத்தது. கேட்கத் தோன்றியது ஒன்றுதான்.

"அண்ணாத்த, ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னிக்கி நான் வெட்டச் சொன்னது நல்லதா? வுட்டிருந்தா நல்லதா?"

அவள் திரும்பினாள். அவன் என்னை வெகு நேரம் பார்த்தான். கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன். வெயிலில் தூரத்துக் கப்பல் பாயைக் கண் இடுக்கிப் பார்ப்பது மாதிரி, என்னை யார் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தான்.

"இது நீ உனக்காகக் கேக்கற," என்றான். "எனக்கு இன்னா வேணும்னு நீ ஒரு நாளும் கேக்கல."

தண்ணீர் என் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது.

"இன்னா வேணும்?"

"தோணி தரை தட்டிக்கினு கெடக்குது. தள்ளிவுடு."